தாக்குதல் ஹெலிகாப்டரில் சுடும் முடிவை எடைபோடுவது யார்?

கேள்வி: கீழைக்காற்று

ஈராக் போரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கையில் எழுந்த ஐயம் இது. படைத்துறையிலோ போர்ச் சட்டத்திலோ பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

2007 ஜூலை 12 அன்று கிழக்கு பாக்தாத்தில் இரண்டு அமெரிக்க அபாச்சி ஹெலிகாப்டர்கள் ஒரு தெருவில் நின்ற கூட்டத்தின் மீது சுட்டன. ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் புகைப்படக்காரர் நமீர் நூர்எல்தீனும், அதே நிறுவனத்தில் ஓட்டுநராகவும் உதவியாளராகவும் இருந்த சயீத் ச்மாக்கும் அதில் கொல்லப்பட்டனர். ஹெலிகாப்டரின் துப்பாக்கிக் கேமராவில் பதிவான காணொளியை 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வெளியிட்டபோது அதன் சுருக்கமான பதிப்பைப் பார்த்தவர்களே அதிகம். நான் அண்மையில்தான் 39 நிமிட முழுப் பதிவையும் பார்த்து முடித்தேன்.

எனக்குப் புரியாதது இதுதான். கீழே இருப்பவர்களில் பொதுமக்கள் இருக்கலாம் என்ற ஐயத்தை அந்த விமானிகள் எந்த அளவுகோலைக் கொண்டு எடைபோடுகிறார்கள்? இத்தனை பேர் வரை பாதகமில்லை என்று மேலிடத்திலிருந்து ஓர் எண் தரப்படுகிறதா, சட்டம் ஏதேனும் வரம்பு வகுத்திருக்கிறதா, அல்லது அந்தந்த விமானியின் மனப்போக்குக்கே விடப்பட்டிருக்கிறதா? அவர்களைக் கொலைகாரர்கள் என்றோ வீரர்கள் என்றோ தீர்ப்பளிக்கும் விவாதத்தை இணையம் முழுவதும் பார்த்துவிட்டேன். இங்கு அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன்.

பதில்: வடமலையான்

எண் ஒன்று இருந்ததுண்டு. ஆனால் அது ஹெலிகாப்டரின் இருக்கை வரை வந்து சேர்வதில்லை. 2003-இல் ஈராக் மீதான படையெடுப்பின்போது, முன்கூட்டியே திட்டமிடப்பட்ட ஒரு வான்தாக்குதலில் 30 அல்லது அதற்கு மேற்பட்ட பொதுமக்கள் இறக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டால் அதற்குப் பாதுகாப்புத் துறைச் செயலரின் ஒப்புதல் தேவை என்ற நடைமுறை இருந்தது. அந்தக் கணிப்பைச் செய்தவர்கள் தலைமையகத்தில் அமர்ந்திருந்தார்கள். எந்தக் குண்டு, அதன் சிதறல் எத்தனை மீட்டர், கட்டடம் செங்கல்லா கான்கிரீட்டா, தெருவில் ஆள் நடமாட்டம் குறைவான நேரம் எது என்பதையெல்லாம் அவர்கள் பார்ப்பார்கள்; அருகில் ஒரு சட்ட அதிகாரியும் இருப்பார். தாக்குதல் ஹெலிகாப்டரின் வேலை பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்ததன்று. தரையில் உள்ள படையினர் சுடப்படுகிறார்கள் என்று வானொலியில் குரல் வந்தபின் அழைக்கப்படும் ஆயுதம் அது, அந்த அழைப்பு வந்ததுமே கணக்குப் போடும் ஏற்பாடுகள் எல்லாம் விலகி, தற்காப்பு என்ற தலைப்பின் கீழ் காரியம் நடக்கத் தொடங்கிவிடும். ஆப்கானிஸ்தான் வான்தாக்குதல்களை ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2008-இல் வெளியிட்ட அறிக்கையும், பொதுமக்கள் மிகுதியாக இறந்தது திட்டமிட்ட தாக்குதல்களில் அன்று, படையினர் மோதலில் சிக்கியிருந்தபோது அவசரமாகக் கேட்டுப் பெற்ற தாக்குதல்களில்தான் என்றே கண்டது.

சட்டத்துக்கு வருகிறேன். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977-ஆம் ஆண்டின் முதலாம் கூடுதல் நெறிமுறை இரண்டு கேள்விகளை முன்வைக்கிறது. முதலாவது, சுடப்படுபவர் போரிடுபவரா என்பது. ஐயம் இருந்தால் அவரைப் பொதுமகன் என்றே கொள்ளவேண்டும். இரண்டாவது, எதிர்பார்க்கப்படும் பொதுமக்கள் இழப்பு, கிடைக்கப்போகும் திட்டவட்டமான, நேரடியான இராணுவ ஆதாயத்துக்கு மிஞ்சியதாக இருக்குமா என்பது. எத்தனை பேர் இறந்தால் அது மிஞ்சியது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அமெரிக்கா இந்த நெறிமுறையில் கையெழுத்திட்டதே தவிர ஏற்புறுதி செய்யவில்லை. எனினும் ஆதாயத்துக்கும் இழப்புக்கும் பொருத்தம் வேண்டும் என்ற இரண்டாவது கோட்பாட்டைத் தன்னைக் கட்டுப்படுத்தும் வழக்காறாகவே அது ஏற்கிறது. ஐயம் இருந்தால் பொதுமகன் என்ற முதலாவது அனுமானத்தை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் போர்ச் சட்டக் கையேட்டில் தெளிவாக எழுதிச் சேர்த்தது 2023 ஜூலையில்தான், அதாவது நீங்கள் குறிப்பிடும் நிகழ்வுக்கு 16 ஆண்டுகள் கழித்து.

விமானியை மதிப்பிடுவதற்கு இன்னொரு அளவுகோலும் உண்டு. 1944-இல் வடக்கு நார்வேயின் ஃபின்மார்க் பகுதியை எரித்தழித்த ஜெர்மானியத் தளபதி லோதர் ரெண்டுலிக் மீது நியூரம்பெர்கில் வழக்கு நடந்தது. பின்தொடர்ந்து வருவதாக அவர் நம்பிய சோவியத் படை உண்மையில் வரவில்லை; ஆயினும் அந்த நேரத்தில் அவர் கையில் இருந்த தகவலின்படி அவர் செய்தது நியாயமாகத் தோன்றக்கூடியதே என்று கூறி, அந்தக் குற்றச்சாட்டிலிருந்து மட்டும் 1948-இல் அவரை விடுவித்தார்கள். பின்னால் தெரியவந்ததைக் கொண்டு முன்னால் எடுத்த முடிவை அளக்கக் கூடாது என்ற இந்த விதியே இன்றுவரை விமானிகளைக் காக்கிறது.

அப்படியானால் அந்த நேரத்தில் விமானியின் கையில் என்ன தகவல் இருக்கிறது? அபாச்சியில் இருவர் முன்பின்னாக அமர்ந்திருப்பார்கள். முன்னால் இருப்பவர் சுடுபவர், பின்னால் இருப்பவர் ஓட்டுபவர். மூக்குப் பகுதியில் சுழலும் கருவி ஒரு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மனிதனைப் பெரிதாக்கித் திரையில் காட்டும். ஆனால் அந்தப் படம் கறுப்பு வெள்ளை. வெப்பக் கருவியாயின் உடற்சூடு மட்டுமே உருவமாகத் தெரியும். நடையைக் காணலாம், கையில் ஏதோ நீளமாக இருப்பதைக் காணலாம். வயதையோ முகத்தையோ சட்டையில் எழுதியிருப்பதையோ காண இயலாது. நமீர் சுவரின் மூலையிலிருந்து நீண்ட லென்ஸை நீட்டி எட்டிப் பார்த்தபோது அது தோளிலிருந்து ஏவும் ஆர்பிஜி எறிகணையாகத் தெரிந்தது இந்தத் திரையில்தான். அதே ஆண்டு ஜனவரியில் நஜாஃப் அருகே ஓர் அபாச்சி வீழ்த்தப்பட்டு அதன் விமானிகள் இருவரும் இறந்திருந்தார்கள் என்பதையும், அந்த வாரங்களில் அமெரிக்கர்கள் வரிசையாக ஹெலிகாப்டர்களை இழந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எறிகணை என்ற சொல் காதில் விழுந்த கணத்தில் அந்த இருவருக்கும் எது முன்னால் நின்றிருக்கும் என்று ஊகிக்கலாம்.

விமானியின் உண்மையான எடைபோடல் நடப்பது ஆயுதத் தேர்வில் என்பது என் கருத்து. வழிகாட்டியற்ற ராக்கெட்டுகள் பரவலாக விழும் என்பதால் குடியிருப்புப் பகுதிக்கு உகந்தவை அல்ல. 30 மில்லிமீட்டர் பீரங்கி அவற்றைவிடக் குறுகலாக விழும், ஆனால் ஒவ்வொரு குண்டும் வெடித்துச் சிதறும். ஆகவே தவறிப்போகும் குண்டுகள் வீடுகளை விட்டு வெற்றிடத்தில் விழும்படி எந்தத் திசையிலிருந்து நெருங்குவது என்று பார்ப்பார்கள். லேசர் ஒளிப்புள்ளியைப் பின்தொடரும் ஹெல்ஃபயர் ஏவுகணையில் மட்டும் ஏவிய பின்னும் மனத்தை மாற்றிக்கொள்ளச் சில வினாடிகள் கிடைக்கும். குறிக்குள் யாரேனும் நுழைந்துவிட்டால் சுடுபவர் அந்தப் புள்ளியை ஆளில்லாத தரைக்கு இழுத்துச் செல்லலாம்.

கருவியைக் குறித்து ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1991 பிப்ரவரி 17 இரவு, வளைகுடாப் போரில், ஓர் அபாச்சிப் படைப்பிரிவின் தளபதியே தம் கையால் சுட்டு அழித்த இரண்டு வாகனங்கள் அமெரிக்க வாகனங்களாக இருந்தன. இரண்டு அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். தம் சொந்தப் படையின் கவச வண்டியையே அடையாளம் காட்டாத திரையில் ஒரு கேமராவை அடையாளம் காண்பது எத்தனை கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

பதில்: அகிலா ந.

வடமலையான் ஐயா கருவியைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கருவியின் குறையைச் சொல்லி முடித்துவிட்டால், அந்த 39 நிமிடத்தில் எடுக்கப்பட்ட மூன்று வெவ்வேறு முடிவுகளும் ஒரே முடிவாகிவிடுகின்றன.

முதல் முடிவைப் பற்றி நான் அதிகம் வழக்காட மாட்டேன். அருகில் அமெரிக்கத் தரைப்படையினர் அன்று காலை முதல் சுடப்பட்டுக்கொண்டிருந்தனர், கூட்டத்தில் ஓரிருவரிடம் ஆயுதம் இருந்ததாகவே காணொளியில் தெரிகிறது, இராணுவ விசாரணையும் அப்படியே சொன்னது. லென்ஸை ஆயுதம் என்று எண்ணியது பிழை, ஆனால் எண்ணக்கூடிய பிழை.

இரண்டாவது அப்படியன்று. படுகாயமுற்ற சயீத் நடைபாதையோரம் தவழ்ந்துகொண்டிருக்கிறார். ஹெலிகாப்டரில் ஒருவர், அவர் ஓர் ஆயுதத்தை எடுக்கமாட்டாரா என்று ஏங்கும் குரலில் பேசுகிறார். அந்தப் பேச்சு கொடூரமாக இருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, ஆயுதமற்ற காயம்பட்டவரைச் சுடக் கூடாது என்ற விதி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்பதற்கும் அதுவே சான்று. பிறகு ஒரு வேன் வந்து நிற்கிறது, ஆட்கள் இறங்கிக் காயம்பட்டவரைத் தூக்குகிறார்கள். ஹெலிகாப்டரிலிருந்து தரைப்படைக்குப் போகும் செய்தியோ, உடல்களையும் ஆயுதங்களையும் எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்பது. ஆயுதம் எதையும் யாரும் எடுப்பதாக அந்தப் பதிவில் நான் காணவில்லை. தரையில் அனுமதி கொடுப்பவருக்கு அந்தத் தெரு தெரியாது. வானொலியில் கேட்ட சொல்தான் அவருக்குக் கண். அவர் அனுமதித்தார், இவர்கள் சுட்டார்கள், ஓட்டி வந்தவர் இறந்தார், உள்ளே இருந்த அவருடைய இரண்டு பிள்ளைகள் காயமுற்றார்கள்.

நான் சொல்லவருவது இதுதான்: காண்பவரிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவரிடம் காட்சி இல்லை. காண்பவர், அனுமதி கிடைத்துவிட்டது என்று தம் ஐயத்தை இறக்கி வைக்கிறார். அனுமதிப்பவர், நேரில் காண்பவரே சொல்கிறார் என்று தம் ஐயத்தை இறக்கி வைக்கிறார். எடைபோடும் வேலை இருவருக்கும் நடுவே காணாமற்போகிறது. வேன் வந்ததிலிருந்து சுடும்வரை அனுமதியை விரைந்து தரும்படி வற்புறுத்தும் குரலைக் கேட்டால், இருவரில் யாரேனும் எடைபோட்டிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது முடிவைப் பலர் பார்த்ததே இல்லை. ஆயுதமேந்தியவர்கள் நுழைந்ததாகச் சொல்லப்பட்ட, பாதி கட்டப்பட்ட ஒரு கட்டடத்தின் மீது பின்னர் ஹெல்ஃபயர் ஏவுகிறார்கள். முதல் ஏவுகணை பாயும் நேரத்தில் ஒருவர் அந்தக் கட்டடத்தின் முன்னால் நடந்து போகிறார், கையில் எதுவும் இல்லை. ஏவிய பின்னும் மனத்தை மாற்றச் சில வினாடிகள் உண்டு என்றீர்களே ஐயா, இங்கு ஏவுவதற்கு முன்பே அவகாசம் இருந்தது. அந்தக் கட்டடத்திலிருந்து அந்தக் கணத்தில் யாரும் ஹெலிகாப்டரைச் சுட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் கடந்து போகும்வரை பொறுத்திருந்தால் என்ன ஆதாயம் குறைந்திருக்கும்? அன்றைய பாதுகாப்புத் துறைச் செயலர் ராபர்ட் கேட்ஸ், உறிஞ்சு குழாய் வழியாகப் போரைப் பார்ப்பது போன்றது இந்தக் காணொளி என்ற பொருளில் பேசினார். முதல் முடிவுக்கு அந்த வாதம் பொருந்தும். மூன்றாவதில் தேவையானது முழுவதும் அந்தக் குழாய்க்குள்ளேயே தெரிகிறது.

கீழைக்காற்று

இருவருக்கும் நன்றி. அகிலா அவர்கள் பிரித்துக் காட்டிய பிறகு என் கேள்வியை மாற்றிக் கேட்கத் தோன்றுகிறது. அனுமதி கையில் இருந்தும் ஹெலிகாப்டர் விமானிகளே நிறுத்திய நிகழ்வு ஏதேனும் உண்டா? அப்படி நிறுத்துவதற்கு விலை என்ன?

பதில்: தணிகாசலம்

உண்டு, ஆனால் முதல் ஏவுகணைகளுக்குப் பிறகு. 2010 பிப்ரவரி 21 அதிகாலையில் ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணத்தில் மூன்று வாகனங்கள் சென்றுகொண்டிருந்தன. அமெரிக்கச் சிறப்புப் படைக்குழு ஒன்று அந்தப் பகுதியில் இருந்ததால், நெவாடாவிலிருந்து இயக்கப்பட்ட பிரிடேட்டர் ஆளில்லா விமானம் அந்த வாகனங்களைப் பல மணி நேரம் பின்தொடர்ந்தது. படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் குழந்தைகள் தெரிவதாகக் குறித்தார்கள். அந்தக் குறிப்பு கைமாறிக் கைமாறி இளவயதினர் என்றாகி, பின்னர் போரிடும் வயதுடைய ஆண்கள் என்றாகிவிட்டது. அழைக்கப்பட்டு வந்த கயோவா ஹெலிகாப்டர் விமானிகளின் காதுக்கு எட்டியது இந்தக் கடைசி வடிவம் மட்டுமே. வாகனங்கள் அந்தப் படைக்குழுவை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தன என்பதும் அவர்களைத் தடுக்கவில்லை. முதல் வாகனத்தையும் மூன்றாவதையும் ஏவுகணையால் அழித்தார்கள். நடுவில் இருந்ததைக் குறிவைத்தது தவறியது. அதிலிருந்து இறங்கிய பெண்கள் முக்காட்டுத் துணிகளை எடுத்து வானை நோக்கி ஆட்டினார்கள். பளிச்சென்ற நிறத்துணிகளைக் கண்ட விமானிகள், கீழே பெண்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அந்த ஊரார் கணக்கில் அதற்குள் 23 பேர் இறந்திருந்தனர்.

அகிலா அவர்கள் சொன்ன பிளவு இங்கு ஒரு படி நீண்டிருக்கிறது. பாக்தாத்தில் இரண்டு கைகள். உருஸ்கானில் நெவாடாவில் ஓட்டுபவர், வேறோர் அமெரிக்க மாநிலத்தில் படம் பார்ப்பவர், தரையில் படைத்தலைவர், கடைசியில் ஹெலிகாப்டர் என்று நான்கு கைகள். குறைவாக அறிந்திருந்தவர்கள் விமானிகள்தான், ஆனால் வெறுங்கண்ணால் பார்க்கும் தொலைவில் இருந்தவர்களும் அவர்கள் மட்டுமே. ஆகவே நிறுத்த முடிந்ததும் அவர்களால்தான் என்று நான் நினைக்கிறேன். வியட்நாமில் 1968 மார்ச் 16 அன்று, அமெரிக்கப் படையினர் ஊராரைக் கொன்றுகொண்டிருந்த மை லாய் கிராமத்தில் ஹியூ தாம்சன் என்ற விமானி தம் சிறிய கண்காணிப்பு ஹெலிகாப்டரைச் சொந்தப் படையினருக்கும் கிராமத்தாருக்கும் நடுவே இறக்கியதை இங்கு பலர் அறிந்திருப்பீர்கள். அதிகம் பேசப்படாதது என்னவெனில், அவர் வானொலியில் அழைத்ததும் துணைக்குப் பறந்த தாக்குதல் ஹெலிகாப்டர் ஒன்று தரையிறங்கி, சுமார் பத்து கிராமத்தாரை இரண்டு தவணையாக ஏற்றிச்சென்று காப்பாற்றியது. மர உச்சிக்கு மேலே பறந்தவர்களுக்கு முகங்கள் தெரிந்தன. தோளிலிருந்து ஏவும் ஏவுகணைகள் வந்தபின் அப்படித் தாழப் பறப்பது தற்கொலைக்கு ஒப்பாகிவிட்டதால், விமானிகள் விலகிப் போனார்கள், திரை முன்னால் வந்தது.

விலை என்ன என்று கேட்டீர்கள். 2009 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் தளபதி ஸ்டான்லி மக்கிரிஸ்டல் குடியிருப்புகள் மீது வான்தாக்குதல் கேட்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி ஆணையிட்டார். அந்த ஆண்டு செப்டம்பர் 8 அன்று குனார் மாகாணத்தில் கஞ்ச்கல் என்ற சிற்றூரை நோக்கிச் சென்ற அமெரிக்க, ஆப்கானியப் படையினர் மூன்று புறமும் சூழப்பட்டார்கள். பீரங்கி உதவி கேட்டபோது பெரும்பாலும் மறுக்கப்பட்டது, ஹெலிகாப்டர்கள் மிகத் தாமதமாகவே வந்தன. மூன்று மரைன்களும் ஒரு கடற்படை மருத்துவ உதவியாளரும் ஆப்கானிய வீரர்கள் பலரும் அங்கே இறந்தார்கள். பின்னர் நடந்த விசாரணை, தலைமையகத்தில் இருந்த அதிகாரிகளின் கவனக்குறைவே காரணம் என்று கண்டது. ஆணை அப்படி மறுக்கச் சொல்லவில்லை என்பது அதன் பொருள். ஆனால் களத்தில் இருந்தவர்கள் பலர் அதை அப்படி ஏற்கவில்லை, கட்டுப்பாடு வந்ததால் ஆட்களை இழந்தோம் என்றே பேசினார்கள். மேலே பறக்கும் விமானி தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் கீழே யாருக்கோ கணக்கு ஏறுகிறது என்ற உணர்வு அவருக்கு எப்போதும் இருக்கும். அவர் குரலை அடையாளம் கண்டுகொள்ளும் அளவுக்குப் பழகிய தரைப்படையினரின் உயிர் அது. தெருவில் நடப்பவரோ பெயரில்லாத உருவம். இந்த ஏற்றத்தாழ்வைச் சட்டப்புத்தகத்தால் சரிசெய்ய முடியுமா என்பதில் எனக்கு ஐயமுண்டு.

பதில்: வடமலையான்

அகிலா அவர்களின் மூன்றாவது முடிவு பற்றிய கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. முன்னெச்சரிக்கை எடுக்கவேண்டிய கடமை தனியாக உள்ளது; காத்திருப்பதால் இழப்பு எதுவும் இல்லாதபோது காத்திராதது அந்தக் கடமையின் மீறல் என்றே நானும் கருதுவேன். எறிகணை பற்றிய அச்சத்தை அதற்குச் சமாதானமாகச் சொல்ல இயலாது.

தணிகாசலம் அவர்களின் பதிலோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2011 மார்ச் 1 அன்று, அதே குனார் மாகாணத்தில், விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒன்பது சிறுவர்கள் நேட்டோ ஹெலிகாப்டர்களால் கொல்லப்பட்டனர். ஒரு தளத்தின் மீது ராக்கெட் ஏவப்பட்ட இடம் எது என்று தரையிலிருந்து ஹெலிகாப்டருக்குத் தகவல் போகும் வழியில் பிழை நேர்ந்ததாகச் சொன்னார்கள். தளபதி டேவிட் பெட்ரேயஸ் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புப் போதாது என்றார் அதிபர் ஹமீத் கர்சாய். கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்த காலத்தில் நடந்தது இது, ஆகவே ஆணை கடுமையானால் மட்டும் போதும் என்று சொல்வதற்கில்லை.

கீழைக்காற்று

பாக்தாத், உருஸ்கான், கஞ்ச்கல் ஆகிய மூன்று நிகழ்வுகளில் யாரேனும் தண்டிக்கப்பட்டார்களா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: அகிலா ந.

பாக்தாத் நிகழ்வில் விமானிகள் விதிகளுக்கு உட்பட்டே நடந்துகொண்டார்கள் என்று இராணுவத்தின் உள்விசாரணை முடிவு செய்தது; நடவடிக்கை எதுவும் இல்லை. அந்தக் காணொளியோடு இலட்சக்கணக்கான ஆவணங்களையும் வெளியே கொடுத்த செல்சி மேனிங்குக்கு 2013-இல் 35 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2017 ஜனவரியில் அதிபர் ஒபாமா அதைக் குறைத்தார், அவ்வாண்டு மே மாதம் விடுதலை. உருஸ்கான் நிகழ்வில் மக்கிரிஸ்டல் மன்னிப்புக் கேட்டார், நான்கு அதிகாரிகளுக்குக் கண்டனக் கடிதம் வழங்கப்பட்டது. கஞ்ச்கல்லில், உதவி அனுப்பத் தவறிய தலைமையக அதிகாரிகள் இருவருக்கு அதே வகைக் கடிதம்.